இரைந்த பெட்டியும் இரையாத பெட்டியும்

கல்லங்குறிச்சிக் கலியுக வரதராசப் பெருமாள் கோயிலில் இராமநவமியன்று கொடியேறும். பத்து நாள் திருவிழா. அதற்கு ஒரு மாதம் முன்பே, எங்கள் தெருவில் மைக் செட் வைத்திருந்த அண்ணன் ஆம்பிளிஃபயரைப் பரணிலிருந்து இறக்கித் தூசி தட்டித் திண்ணையில் வைத்துவிடுவார். 1980-களின் கதை இது. பெட்டியை அவர் நேராகக் கரண்டில் சொருக மாட்டார். ஒரு மரப்பலகையில் ஹோல்டர், அதில் 100 வாட் குண்டு பல்பு, அந்தப் பல்பின் வழியாகத்தான் பெட்டிக்குக் கரண்ட் போகும். பல்பு முதலில் பளிச்சென்று எரியும், பிறகு மெல்ல மங்கும். மங்கிய பிறகும் நெடுநேரம் அப்படியே விட்டுவைப்பார். “வருசம் பூரா தூங்கினவன்டா. மூஞ்சில தண்ணிய ஊத்தி எழுப்பக் கூடாது” என்பார்.

அவர் சொன்னது கண்டன்சரைப் பற்றி. மின்னழுத்தத்தைச் சமன்செய்கிற அந்த அலுமினிய டப்பிக்குள் சுருட்டிய அலுமினியத் தகடும், ரசாயனத் திரவத்தில் ஊறிய காகிதமும் இருக்கின்றன. தகட்டின் மேல் படிந்திருக்கும் மெல்லிய ஆக்சைடு படலம்தான் மின்சாரத்தைத் தடுத்து நிறுத்துகிறது. வருடக்கணக்கில் கரண்ட் காணாமல் கிடந்தால் அந்தப் படலம் நலிந்துபோகும். அந்த நிலையில் முழு வோல்டேஜையும் ஒரேயடியாகக் கொடுத்தால் உள்ளே கசிவு ஏற்பட்டு, சூடேறி, டப்பி வெடிக்கும். கொஞ்சங்கொஞ்சமாகக் கொடுத்தால் அதே திரவம் படலத்தைத் திரும்பக் கட்டிவிடும். இன்றும் பழைய ரேடியோக்களைச் செப்பனிடுகிறவர்கள் உலகம் முழுக்க இதைத்தான் செய்கிறார்கள். எங்கள் ஊரில் அது திருவிழா வேலைகளில் ஒன்றாக இருந்தது. பந்தக்கால் நடுவது எப்படியோ அப்படி.

பல்பைத் தாண்டி நேர்க் கரண்டுக்கு வந்த பிறகு அண்ணன் ஒன்றும் போட மாட்டார். பாட்டும் இல்லை, மைக்கும் இல்லை. குழாய் ஸ்பீக்கரை மட்டும் மாட்டிவிட்டுச் சும்மா கேட்பார். கேட்க வேண்டியது ஒரே ஒரு ஓசை: கொர்ர்ர். நம் மின்சாரம் நொடிக்கு 50 முறை முன்னும் பின்னுமாகப் போய்வருகிறது. டையோடு அதை ஒருபக்கமாகத் திருப்பும்போது 100 மேடுபள்ளமாகிறது. அந்தப் பள்ளங்களை நிரப்புவதுதான் பெரிய கண்டன்சரின் வேலை. உள்ளே திரவம் வற்றினால் அதன் கொள்ளளவு குறையும், பள்ளம் நிரம்பாது, 100 ஹெர்ட்ஸ் இரைச்சல் நேராக ஸ்பீக்கருக்குள் வந்துவிடும். பெட்டி இரைய ஆரம்பித்தால் தெருவே திரும்பிப் பார்க்கும். எங்கள் பெரியம்மா பள்ளிக்கூடம் போனதில்லை. களத்தில் நெல் துழாவிக்கொண்டே, “என்னடா தம்பி, உறுமுது? கண்டன்சரு போச்சா?” என்று கேட்பார். அனேகமாகச் சரியாகவே இருக்கும்.

போன கண்டன்சருக்கு மாற்று வாங்குவதுதான் பாடு. அரியலூரில் கிடைத்தால் உண்டு, இல்லாவிட்டால் ரயிலேறித் திருச்சிக்குப் போக வேண்டும். கிடைப்பதும் கேட்ட அளவில் கிடைக்காது. 1000 மைக்ரோஃபாரட் இல்லையென்றால் 470 இரண்டை வாங்கி வந்து பக்கம்பக்கமாகச் சேர்த்து ஈயம் வைப்பார். 940 ஆகும், அது போதும். கேரள அரசின் கெல்ட்ரான் கண்ணூரில் தொடங்கிய தொழிற்சாலையிலிருந்து வந்த கண்டன்சர் கிடைத்த நாளில் அவர் முகத்தில் ஒரு தெளிச்சி இருக்கும். எடுத்த பழையதையும் எறிய மாட்டார். மூடியின் உட்புறத்தில் ஒட்டியிருந்த சர்க்யூட் படத்தில், மாற்றிய இடத்துக்குப் பக்கத்தில், பென்சிலால் வருடத்தைக் குறித்துவைப்பார். எனக்கு எழுத்தை எழுத்தாக மட்டும் பார்த்த வயது. அந்தப் படத்தில் இருந்த இரட்டைக் கோடு ஒவ்வொன்றும் பெட்டிக்குள் இருக்கும் ஒரு டப்பி என்று அவர்தான் விரல் வைத்துக் காட்டினார்.

அடுத்து மலிவுப் பெட்டிகளின் காலம் வந்தது. 2006-இல் தமிழக அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சி கொடுக்கத் தொடங்கியதும் குடிசைக்குள்ளும் படம் வந்துவிட்டது, சத்தம்தான் போதவில்லை. அரியலூர், பெரம்பலூர், ஜெயங்கொண்டம் என்று எல்லாக் கடைத்தெருக்களிலும் 4440 ஐ.சி. போர்டு ஒன்று, 12-0-12 டிரான்ஸ்பார்மர் ஒன்று, இரண்டு டையோடு, ஒரு பெரிய கண்டன்சர் என்று பிளைவுட் பெட்டிக்குள் அடைத்து ஹோம் தியேட்டர் என்று விற்றார்கள். நான் இந்தப் பெட்டிகளை மட்டமாகப் பேச மாட்டேன். ஜப்பானின் சான்யோ காருக்கென்று செய்த அந்த ஐ.சி. நல்ல ஐ.சி. கூலிவேலை செய்கிறவர் வீட்டுக்குள் கேட்கத் தகுந்த சத்தத்தை அது கொண்டுவந்து சேர்த்தது. கோளாறு அதில் இல்லை. பக்கத்தில் வைத்த டப்பியில் இருந்தது.

12 வோல்ட் டிரான்ஸ்பார்மர் என்றால் 16 வோல்ட் கண்டன்சர் போதும் என்று பார்க்கத் தோன்றும். மாறுமின்சாரத்தை நேராக்கினால் 12 என்பது உச்சத்தில் ஏறக்குறைய 17 ஆகும். டையோடில் கொஞ்சம் போனாலும் 16-ஐத் தொட்டுவிடும். நடுராத்திரி ஊர் அடங்கி, மோட்டார்களெல்லாம் நின்றுபோன நேரத்தில், லைன் வோல்டேஜ் 230-லிருந்து 250-க்கு ஏறும். அப்போது கண்டன்சரின் தலையில் பதினேழரை வோல்ட்டுக்கு மேல் நிற்கும். 25 வோல்ட் டப்பி போட்டிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. இரண்டுக்கும் விலை வித்தியாசம் அன்றைக்கு ஒரு டீக்காசுகூட இல்லை. 2008-க்குப் பிறகு சில ஆண்டுகள் மின்வெட்டு வேறு. ஒவ்வொரு முறை கரண்ட் திரும்பும்போதும் ஓர் எகிறல். அந்த வருடங்களில் உச்சி உப்பிய டப்பிகளைக் கைநிறையப் பார்த்தேன். டப்பியின் தலையில் குறுக்காகக் கீறி வைத்திருப்பார்கள். உள்ளே வாயு சேர்ந்தால் வெடிக்காமல் அந்தக் கீறல் வழியே பிளக்க வேண்டும் என்பதற்காக. தலை மேடிட்டிருந்தாலே கதை முடிந்தது என்று அர்த்தம். பழுப்பாகக் கசிந்திருந்தால் போர்டின் செம்புக் கோட்டையும் அரித்திருக்கும்.

அப்போதுகூடப் பெட்டி இரைந்தது. இரைந்ததால் கடைக்கு வந்தது, கடையில் மூடியைக் கழற்றினார்கள், கண்டன்சரை மாற்றினார்கள்.

எங்கள் ஊரின் தூசியைப் பற்றி ஒரு வார்த்தை. கல்லங்குறிச்சியின் பெயரில் சுண்ணாம்புக்கல் சுரங்கம் இருக்கிறது; புவியியலாளர்கள் ஒரு பாறைப் படிவத்துக்கே கல்லங்குறிச்சிப் படிவம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஏறக்குறைய 7 கோடி ஆண்டுகளுக்கு முன்பு இங்கே கடல் இருந்தபோது வாழ்ந்த சிப்பிகளின் ஓடுகள் அதில் மண்டிக்கிடக்கின்றன. சிமெண்ட் ஆலைக்குப் போகும் லாரிகள் அந்தக் கடலைத்தான் அள்ளிப்போகின்றன. போகும் வழியில் மாவாக உதிர்வது நம் வீட்டுப் பெட்டிக்குள்ளும் இறங்கி, ஐ.சி.யின் சூட்டை வெளியேற்றும் அலுமினியப் பட்டையில் போர்வையாகப் படிகிறது. சூடு வெளியே போகாமல் பக்கத்து டப்பிக்குத் திரும்புகிறது.

சூடுதான் கண்டன்சரின் எமன், அதற்குக் கணக்கும் உண்டு. டப்பியின் மேல் 85 டிகிரி அல்லது 105 டிகிரி என்று அச்சிட்டிருக்கும். பொதுவாக அந்தச் சூட்டில் 2000 மணி நேரம் தாங்கும் என்று தயாரிப்பாளர் சொல்கிறார். சூடு 10 டிகிரி குறையக் குறைய ஆயுள் இரண்டு மடங்காகும். சித்திரை வெயிலில் ஓட்டு வீட்டுக்குள் 40 டிகிரி, பெட்டிக்குள் இன்னும் 25 சேர்ந்தால் 65. அந்த இடத்தில் 85 டிகிரி டப்பி 8000 மணி நேரம் தாங்கும். தினம் 5 மணி நேரம் ஓடினால் நாலரை வருடம்கூட முழுதாக வராது. 105 டிகிரி டப்பி அதே இடத்தில் 32,000 மணி நேரம், பதினேழு வருடத்துக்கு மேல். பெட்டி நாலு வருடத்தில் சாக வேண்டுமா, பிள்ளைகள் படித்து முடிக்கும்வரை பாட வேண்டுமா என்பது, வாங்குகிறவர் கண்ணுக்குப் படாத இந்த அச்செழுத்தில் இருக்கிறது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்த காசு அது.

இப்போது வருகிற பெட்டிகளில் கனத்த டிரான்ஸ்பார்மர் கிடையாது. எஸ்.எம்.பி.எஸ். என்கிற சின்னப் பவர் சப்ளை, மின்சாரத்தை நொடிக்குப் பல பத்தாயிரம் முறை வெட்டி வெட்டிக் கொடுக்கிறது. மனிதக் காது 20,000-க்கு மேல் கேட்காது. அதனால் கண்டன்சர் வற்றினாலும் அதன் முனகல் நமக்கு எட்டுவதில்லை. பெரியம்மா காதால் கண்டுபிடித்த நோய்க்கு இன்று ஓசை இல்லை. முன் விளக்கு மினுக்கும், சில பெட்டியில் டிக் டிக் என்று மெல்லிசாக ஒன்று கேட்கும், அவ்வளவுதான். பிறகு ஒரு நாள் பெட்டி எழுந்திருக்காது.

எங்கள் வீட்டுப் பெட்டிக்கு வந்ததும் அதுதான். மார்கழிக் காலையில் போட்டால் விளக்கு மினுக்கிவிட்டு அணைந்துவிடும். அதே பெட்டி, அதே நாள் உச்சிவெயிலில் போட்டால் கணீரென்று பாடும். வீட்டில் பிள்ளைகளுக்கு இது வேடிக்கை. குளிரில் உள்திரவத்தின் தடை ஏறுகிறது, வெயிலில் இறங்குகிறது. ஆகவே திரவம் வற்றத் தொடங்கிய கண்டன்சர் சூடேறினால்தான் வேலைக்கு வரும். விற்ற கடைக்குக் கொண்டுபோனேன். மூடியைக் கழற்றாமலே, “போர்டு போயிருக்கும்ணே. போர்டு தனியா வராது. புதுசா எடுத்துக்குங்க, பழசுக்கு ஏதாச்சும் கழிச்சுத் தர்றோம்” என்றார்கள். பேச்சில் மரியாதைக்குக் குறைவில்லை. பெட்டியைத் தொட்டுப் பார்க்கத்தான் யாருக்கும் தோன்றவில்லை.

திறந்து பார்த்தேன். வெளியேறும் பக்கத்தில் 1000 மைக்ரோஃபாரட் டப்பிகள் இரண்டும் தலை உப்பி நின்றன. கரண்ட் நுழையும் பக்கத்தில் 47 மைக்ரோஃபாரட் சின்ன டப்பி ஒன்று. சப்ளையை முதலில் எழுப்பிவிடுவது அதுதான். பார்வைக்கு அது புதுசுபோல இருந்தது, மல்டிமீட்டரிலும் கொள்ளளவு ஏறக்குறைய சரியாகக் காட்டியது. உள்தடையை அளக்கும் ஈ.எஸ்.ஆர். மீட்டரில் வைத்தபோதுதான் உண்மை தெரிந்தது. இந்தக் காலத்துக் கண்டன்சர் சீக்கு இப்படித்தான்: கொள்ளளவு கெடும் முன்பே உள்தடை ஏறிவிடும். காதுக்கும் தெரியாது, கண்ணுக்கும் முழுக்கத் தெரியாது, சாதாரண மீட்டருக்கும் பிடிபடாது. மூன்றையும் மாற்றினேன். ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசு ஆகவில்லை. மார்கழி விடியலில் பெட்டி எழுந்தது.

அன்றைக்கு 470 இரண்டுக்காகத் திருச்சிக்கு ரயிலேறினார் அண்ணன். இன்று சென்னை ரிச்சி தெருவிலிருந்து என்ன அளவு கேட்டாலும் கூரியரில் வீட்டு வாசலுக்கு வந்துவிடுகிறது. வருவதிலும் பார்த்து வாங்க வேண்டியிருக்கிறது. பேர்பெற்ற ஜப்பான் கம்பெனிப் பெயரை உறையில் அச்சடித்து உள்ளே சின்ன டப்பியைச் சொருகிய போலிகள் உலவுகின்றன. கையில் எடுத்தால் கனம் இருக்காது. தரமில்லாத திரவம் என்ன செய்யும் என்பதை உலகமே ஒருமுறை பார்த்தது. 2000-களின் தொடக்கத்தில் தைவான் கண்டன்சர்கள் சிலவற்றில் ஊற்றிய நீர்கலந்த திரவத்தில், அலுமினியத்தைக் காக்க வேண்டிய ரசாயனம் சரியாக இல்லை. உள்ளே ஹைட்ரஜன் வாயு சேர்ந்து, பல நாடுகளில் கணினிப் போர்டுகள் கூட்டங்கூட்டமாகச் செத்தன.

மாற்ற நினைப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். கொள்ளளவு பழையதே இருக்கட்டும், வோல்ட் அதே அளவு அல்லது ஒரு படி கூட, டிகிரி 105. எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்குள் போவதென்றால் உள்தடை குறைந்த ரகமாகக் கேட்டு வாங்குங்கள். டப்பியின் பக்கவாட்டுப் பட்டை மைனஸ். மாற்றிப் போட்டால் முகத்துக்கு நேரே வெடிக்கும். எல்லாவற்றுக்கும் மேல், 230 வோல்ட் நேராக்கினால் 325 ஆகும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பெரிய டப்பி அதை வைத்துக்கொண்டு காத்திருக்கும். ஸ்குரூ டிரைவரால் குறுக்கே தொட்டு அடிக்கிற வீரம் வேண்டாம். குண்டு பல்பின் வழியாக வடிய விட்டு, மீட்டரில் பூஜ்யம் பார்த்த பிறகு கை வையுங்கள். பழகாதவர்கள் இந்தப் பக்கத்தைத் தொடவே வேண்டாம், தெரிந்தவரிடம் கொடுங்கள்.

தெரிந்தவர் வேண்டுமே. அண்ணனுக்கு மூடியின் உள்ளே படம் ஒட்டிக்கொடுத்தார்கள். இன்றைக்குப் படம் இல்லை, ஐ.சி.யின் மேல் எண்ணைக்கூடச் சுரண்டி அழித்து அனுப்புகிறார்கள். 2022 டிசம்பரில் ஒன்றிய அரசின் நுகர்வோர் துறை பழுதுபார்க்கும் உரிமைக்கென்று ஓர் இணையதளம் தொடங்கியது. கம்பெனிகள் உதிரிபாகம், கையேடு பற்றிய தகவல்களைப் பொதுவில் வைக்க வேண்டும் என்பது நோக்கம். பேர்போன கம்பெனிகளுக்கு அது சரி. எங்கள் கடைத்தெருவில் விற்கிற பெயரில்லாப் பெட்டிகளுக்கும் அது எட்ட வேண்டும் என்று விரும்புகிறேன். படத்தோடு, உள்ளே இருக்கும் கண்டன்சரின் வோல்ட்டையும் டிகிரியையும் அட்டைப்பெட்டியின் மேலேயே அச்சிடச் சொல்ல வேண்டும். வாங்குகிறவர் கேட்பதற்கு அது ஒரு பிடி.

அரியலூர்க் கடைத்தெருவில் செல்போன் பழுதுபார்க்கும் இளைஞர் ஒருவர் இப்போது ஈ.எஸ்.ஆர். மீட்டர் வாங்கியிருக்கிறார். ஆம்பிளிஃபயர் வந்தால் போர்டு மாற்றச் சொல்லும் முன் டப்பி ஒவ்வொன்றையும் வைத்துப் பார்க்கிறார். 85 டிகிரிச் சரக்கைத் தொடவே வேண்டாம், 105-க்கு ஆகிற கூடுதல் காசைக் காரணம் சொல்லிக் கேட்டு வாங்குங்கள் என்று அவரிடம் சொன்னேன். “சொல்லித்தாண்ணே போடறேன்” என்றார். “டப்பியைக் கையில குடுத்து, மேல எழுதியிருக்கிறதக் காட்டினா யாரும் வேண்டாங்கிறதில்ல.”