எந்த மிருகம் என்று கேட்காதீர்கள்

மலாக்காவில் ஜாசின், மெர்லிமாவ், அலோர் காஜா பக்கம் எந்தத் தாமானுக்குள் நுழைந்தாலும் ஒரு தையல் பாட்டி இருப்பார். வீட்டு எண் தேவையில்லை. துணி மூட்டை சன்னலை மறைத்துக்கொண்டிருந்தால் அது அவர் வீடுதான். கழுத்தில் மாலையாக அளவு நாடா தொங்கும். வாயில் நாலு குண்டூசி. அவற்றை வைத்துக்கொண்டே மருமகளைப் பற்றித் தொடக்கத்திலிருந்து கடைசிவரை பேசி முடிப்பார்; ஓர் ஊசியும் கீழே விழாது.

தோட்டத்தில் பால் வெட்டியவர் அவர். விடிவதற்கு முன் பிரட்டு, பிறகு நிரை, வாளியைத் தூக்கிக்கொண்டு ஸ்டோருக்கு நடை. அதுவரை பிள்ளை ஆயாக் கொட்டகையில். சாயங்காலமானால், தவணையில் வாங்கிய கால்மிதி மெஷினில் லயம் முழுவதற்கும் ஜாக்கெட் தைப்பார். தீபாவளிக்கு முந்திய வாரம் ராத்தூக்கம் கிடையாது. மலாயாவின் முதல் ரப்பர் தோட்டத்தை டான் சாய் யான் 1896-இல் போட்டது இதே மலாக்காவில், புக்கிட் லிந்தாங்கில்தான். அப்படித் தொடங்கிய ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. லயத்தை உடைத்தார்கள். பாட்டி, மகன் வாங்கிய தாமான் வீட்டுக்கு மெஷினோடு குடிவந்தார். இங்கே ஜாக்கெட் தைக்க யாரும் வருவதில்லை, எல்லாம் ரெடிமேட். மெஷின் சும்மா கிடக்கலாமா? பேரப்பிள்ளைக்குப் பொம்மை தைக்க உட்கார்ந்துவிட்டார்.

சிக்கல் என்னவென்றால், பாட்டிக்குத் தெரிந்தது ஜாக்கெட் ஒன்றுதான். அதனால் அவர் தைக்கிற கரடிக்கு மார்பில் டார்ட் பிடித்திருக்கும். முயலுக்கு அக்குள் வளைவு அளவெடுத்தது போலக் கச்சிதமாக உட்காரும். ஒருமுறை ஒட்டகச்சிவிங்கிக்கு முன்கழுத்தையும் பின்கழுத்தையும் பழக்கதோஷத்தில் இறக்கி வெட்டிவிட்டார். கழுத்தே இல்லாத அந்த ஒட்டகச்சிவிங்கி பிறகு பன்றி என்று பெயர் மாற்றப்பட்டு வழங்கப்பட்டது.

காகிதத்தில் வரைந்து வெட்டி, அதைத் துணிமேல் வைத்துக் கோடு போடலாமே என்று பேத்தி சொல்லிப் பார்த்தாள். “காயிதம் பாத்து வெட்டுறவ டைலரா?” என்று கேட்டுவிட்டு, தேய்ந்த சோப்புத் துண்டால் துணியில் ஒரு வளைவு இழுத்தார். அவ்வளவுதான் மிருகம்.

நிறமும் மூட்டையில் கிடைப்பதைப் பொறுத்தது. தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு முடித்த பேத்தியின் கருநீலப் பினாஃபோர் வீணாகலாமா? ஆகவே கருநீல யானை, கருநீல முயல், கருநீலக் கோழி. தாத்தாவின் கைலி கிழிந்த மாதத்தில் மட்டும் கட்டம் போட்ட முதலை ஒன்று பிறந்தது.

பேரன் பள்ளியில் பரமேஸ்வரா கதை கேட்டுவிட்டு வந்த நாளில்தான் பெரிய சோதனை.

“பாட்டி, எனக்கு ஒரு கன்சில் தச்சுக் குடுங்க.”

“கன்சிலா? ஒங்க தாத்தா ஓட்டுனாரே, அந்தக் காடியா?”

1994-இல் பெரோடுவா விட்ட குட்டிக் காரை மறக்க முடியுமா? தாத்தா, பாட்டி, நாலு பிள்ளைகள், ஒரு சாக்கு அரிசி எல்லாம் அதில் ஏறியிருக்கின்றன.

“காடி இல்ல பாட்டி. மான் லா! குட்டி மான். ராஜாவோட நாய ஆத்துல ஒதச்சுத் தள்ளுமே.”

சருகுமான். அது நாயை உதைத்த வீரத்தைப் பார்த்துத்தான் பரமேஸ்வரா அங்கேயே மலாக்கா நகரத்தை நிறுவினான், தான் நின்ற மரத்தின் பெயரையே வைத்தான் என்பது கதை. அந்த மலாக்கா மரம் நம் நெல்லி. மாநிலச் சின்னத்திலும் மரத்துக்குப் பக்கத்துக்கு ஒன்றாகச் சருகுமான்கள் நிற்கின்றன. எல்லாம் சரி, தைக்கிறவருக்கு அந்த மிருகம் எமன். கால் பென்சில் தடிமன். நல்ல பக்கம் உள்ளே இருக்கும்படி வைத்துத் தைத்த துணியைக் கடைசியில் வெளியே திருப்ப வேண்டும். அவ்வளவு ஒல்லியான குழாய் திரும்பவே திரும்பாது. பாட்டி சாப்ஸ்டிக்கால் குத்திப் பார்த்தார், ஊக்கு மாட்டி இழுத்துப் பார்த்தார். பிறகு வரலாற்றின்மேல் பழியைப் போட்டார். “இவ்ளோ சின்னக் கால வச்சிக்கிட்டு நாய ஒதச்சுச்சா? கத கட்டியிருக்கானுங்க.” ஜாக்கெட் கை அளவுக்கு நாலு கால்கள் வெட்டினார். பிறந்தது மறுபடியும் ஒரு கருநீல யானை. தும்பிக்கை மட்டும் இல்லை.

யானையில் போய் முடிவது ஒன்றும் கேவலமில்லை. ஜெர்மனியில் மார்கரெட்டா ஷ்டைஃப் 1880-இல் தைத்த முதல் மிருகமே யானைதான். குழந்தைப் பருவத்தில் போலியோ தாக்கி, சக்கர நாற்காலியில் இருந்த தையல்காரி அவர். ஊசி குத்திவைப்பதற்காகக் கம்பளித் துணியில் சின்ன யானை செய்தார்; பிள்ளைகள் அதை விளையாட எடுத்துக்கொண்டார்கள். பின்னால் பெரிய பொம்மைக் கம்பெனியே வந்தது, 1902-இல் அவருடைய அண்ணன் தம்பி வழிப் பிள்ளை ஒருவர் கரடியும் செய்தார். நம் பாட்டி கதை நேர் தலைகீழ். விளையாடத் தைத்த சருகுமான் இப்போது மெஷின்மேல் ஊசி குத்திவைக்க நிற்கிறது.

உள்ளே அடைப்பது இலவம்பஞ்சு. பஞ்சு பிரிக்கிற நாளில் அந்த வீட்டில் காற்றாடி போடக்கூடாது. பேசக்கூட வாயைத் திறக்கக்கூடாது. கடையில் பாலியஸ்டர் பஞ்சு பை பையாகக் கிடைக்கிறது, துவைத்தாலும் கெடாது. பாட்டி தொடமாட்டார், “அது பிளாஸ்டிக்கு.” இலவம்பஞ்சைச் சாப்ஸ்டிக்கால் இடித்து இடித்து அடைப்பதில் பொம்மை கல்லாகிவிடும். அண்ணன் தங்கை சண்டையில் அதற்குத் தனி மரியாதை. விதையைச் சரியாக எடுக்காததால் தலைக்கு வைத்துப் படுத்தால் காதில் உறுத்தும். துவைத்தால் உள்ளே ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும். ஆகவே துவைப்பதில்லை. ஆறு மாதத்தில் எச்சில், மைலோ, மூக்குச்சளி எல்லாம் சேர்ந்து அசல் ‘பந்தால் பூசுக்’ வாசனை வந்துவிடும். மாலில் நகம் வைத்த மெஷினுக்குள் அப்பா இருபது வெள்ளி போட்டுப் பிடித்துத் தந்த வெள்ளைக் கரடி அலமாரியில் சுத்தமாக இருக்க, பிள்ளை கட்டிப்பிடித்துத் தூங்குவது இந்த நாற்றத்தைத்தான். அம்மாவுக்கு வயிறு எரியும். பாட்டி கூரையைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பார். அந்தச் சும்மாவில் எவ்வளவோ இருக்கிறது.

மருமகள் நர்ஸ். கண்ணுக்குப் பொத்தான் வைப்பதில் மட்டும் அவர் விடவில்லை.

“அத்த, மூணு வயசுக்குள்ள இருக்குற பிள்ளைக்குப் பொத்தான் வெக்கக் கூடாது. புடுங்கி முழுங்கிடும்.”

“ஒம் புருஷன் அஞ்சு காசையே முழுங்குனவன். மறுநாள் வந்துருச்சு.”

மருமகள் பக்கம்தான் நியாயம். தொண்டையில் அடைத்தால் மறுநாள் வரை காத்திருக்க முடியாது. பொம்மைப் பாதுகாப்புக்கு மலேசியாவில் 2009-லேயே விதிமுறை வந்துவிட்டது. சட்டத்துக்குப் பணியாத பாட்டி, கடைசிப் பேத்தியின் இருமல் சத்தத்துக்குப் பணிந்தார். இப்போது சின்னக் குழந்தைகளின் பொம்மைக்குக் கறுப்பு நூலால் கண் தைக்கிறார். மிருகங்கள் எல்லாம் நைட் ஷிப்ட் முடிந்து வந்த களைப்பில் இருக்கின்றன.

பெரிய பிள்ளைகளின் பொம்மைக்கு இன்னும் பொத்தான்தான். மைலோ டின்னில் சேர்த்திருந்த பொத்தான்கள் எப்போதோ தீர்ந்துவிட்டன. ஆனாலும் புதுப் புதுக் கண்கள் வந்துகொண்டுதான் இருக்கின்றன. அவர் வீட்டுக்குப் போகிறவர்கள், “சட்ட கசங்கியிருக்கு, கழட்டிக் குடு, தேச்சுத் தர்றேன்” என்று அவர் அன்பாகக் கேட்டால், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.