பெருவிரலில் வெயில்

மதுரையில் பஸ் ஏறித் திருநெல்வேலிக்குப் போகிறவர்களுக்குக் கோவில்பட்டி தாண்டியதும் கண் சொக்கும். விழித்துப் பார்த்தால் கங்கைகொண்டான் வந்திருக்கும். நடுவில் போனதுதான் எங்கள் கயத்தாறு. நாற்கரச் சாலை வந்தபிறகு பாதி பஸ் ஊருக்குள்ளேயே வருவதில்லை. உறங்குகிறவர்களுக்கு இன்னும் சௌகரியம். ஊர்ப் பெயரைச் சொன்னால், "கட்டபொம்மனைத் தூக்கில் போட்ட ஊரா?" என்று கேட்பார்கள். ஆமாம், 1799 அக்டோபர் 16. சிவாஜி கணேசன் சொந்தக் காசில் இடம் வாங்கிச் சிலை வைத்ததும் இங்கேதான். தெற்குச் சீமை முழுக்கத் தூக்கம் என்று சொல்லாமல் உறக்கம் என்றுதான் சொல்வோம். எங்கள் ஊருக்கு மட்டும் அதற்குக் கூடுதலாக ஒரு காரணம் இருக்கிறது என்று நான் நினைத்துக்கொள்வதுண்டு.

எங்கள் தாத்தா வீட்டுத் திண்ணை மேற்குப் பார்த்தது. அதன் தென்கோடியில், பக்கச் சுவரோடு சேர்த்து, தலைக்கு வாகாக ஒரு சாய்வு கட்டியிருந்தார் கொத்தனார். சுண்ணாம்பும் முட்டையும் தேய்த்த வழவழப்பு. அதாவது வீடு கட்டும்போதே பகல் உறக்கத்துக்கும் சேர்த்துத் திட்டம் போட்டிருக்கிறார்கள். பிற்பாடு எத்தனையோ வீட்டு வரைபடங்களைப் பார்த்துவிட்டேன். கார் நிறுத்த, செருப்பு வைக்க, சாமி வைக்க எல்லாம் இடம் இருக்கும். மத்தியானம் தலை வைக்க என்று எந்த எஞ்சினியரும் ஒரு கோடு கிழித்து நான் பார்த்ததில்லை.

1970-களின் நடுப்பகுதி. தாத்தா விடிவதற்கு முன்னே கரிசல் காட்டுக்குப் போய், உச்சிக்கு வீடு திரும்புவார். கம்மங்கஞ்சி, வெஞ்சனத்துக்குத் துவையலோ சுட்ட கருவாடோ. சாப்பிட்டுக் கைகழுவி, "செத்த கட்டையைச் சாய்க்கேன்" என்று யாருக்கோ அறிவிப்பது போலச் சொல்லிவிட்டு, தெற்கே தலை வடக்கே கால் நீட்டிப் படுப்பார். முகத்தில் துண்டு. குறட்டை உடனே வராது. ஈ ஒன்று துண்டின் மேல் உட்கார்ந்து எழும்பி உட்கார்ந்து, அது அலுத்துப் போனபின்தான் வரும்.

எழுப்புகிற வேலை வெயிலுடையது. தென்சுவரின் நிழல் தலைமாட்டைக் காக்கும். கால்மாட்டில் வெயில் திண்ணை விளிம்பேறி, பூச்சு விட்டுப்போன இடத்தைத் தாண்டி, விரல்கடை விரல்கடையாக நகர்ந்து வரும். நானும் தம்பியும் முற்றத்தில் உட்கார்ந்து பந்தயம் கட்டிப் பார்த்துக்கொண்டிருப்போம். பெருவிரல் நகத்தைத் தொட்டதும் விரல் ஒரு தடவை துடிக்கும். கால் கொஞ்சம் உள்ளே போகும். வெயிலும் விடாது, கூடவே போகும். இரண்டாம் முறை தொட்டதும் குறட்டை பாதியில் அறுந்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துவிடுவார். எல்லாம் சேர்ந்து அரைமணி நேரம் இருக்கும். சித்திரைக்கு ஒரு கணக்கு, மார்கழிக்கு ஒரு கணக்கு, கூடக்குறைய.

ஆச்சிக்குத் திண்ணை கிடையாது. அடுப்படி நிலையில் சாய்ந்து, மடியில் சொளகு, சொளகில் உளுந்து. புடைக்கிற கை மெள்ள மெள்ள நின்றுபோகும். தலை ஒருபக்கம் சரியும். "ஆச்சி, உறங்கிட்டீங்களா?" என்று கேட்டால் கை உடனே கல் பொறுக்க ஆரம்பித்துவிடும்.

"நான் எங்கலே உறங்குனேன்? கண்ணத்தான மூடியிருந்தேன்."

ஆயுள் முழுக்க ஆச்சி பகலில் ஒரு நாளும் உறங்கியதில்லை. இதுதான் குடும்பத்தின் அதிகாரபூர்வமான வரலாறு. ஆண்பிள்ளை உறக்கத்துக்குச் சுண்ணாம்பும் முட்டையும், பெண்பிள்ளை உறக்கத்துக்கு ஒரு பொய். அன்றைக்கு இது எனக்குத் தோன்றவில்லை.

சின்னப்பிள்ளைகள் உறங்கவே கூடாது. தாத்தா தனக்கு "உண்ட மயக்கம் தொண்டனுக்கும் உண்டு" என்பார்; நாங்கள் கண்ணயர்ந்தால் அதே வாய், "பகல்ல உறங்குத பயலுக்கு மூதேவி வந்து பக்கத்துல படுப்பா" என்று சொல்லும். ஊர் வைத்தியர் இன்னும் ஒரு படி மேலே போய்த் தேரையரையே சாட்சிக்குக் கூப்பிடுவார். நோய் அண்டாமல் இருக்கச் சித்தர் சொன்ன விதிகளில் பகல் உறக்கத்துக்குத் தடை இருக்கிறது, உண்மைதான். ஆனால் சரகர் வகுத்த ஆயுர்வேதம் கோடைகாலத்துக்கு விலக்குக் கொடுத்திருக்கிறது: இரவு குறுகி, உடம்பு வறண்டு போகிற காலம், பகலில் உறங்கலாம். முதியவர், நோயாளி, உழைத்துக் களைத்தவர், இரவில் கண்விழித்தவர் இவர்களும் உறங்கலாம். கயத்தாற்றில் வருஷத்தில் எட்டு மாசம் கோடை. உழைத்துக் களைக்காதவர் எவரும் அன்றைக்கு ஊரில் இல்லை. ஆக சரகர் கணக்குப்படி ஊர் மொத்தத்துக்கும் விலக்கு. வைத்தியர் அதை மட்டும் சொல்லவில்லை. மத்தியானம் அவர் வீட்டுக் கதவும் சாத்தித்தான் இருக்கும்.

பள்ளிக்கூடத்தில், காமராஜர் காலத்தில் பக்கத்து எட்டயபுரத்தில் தொடங்கிய மதிய உணவு எங்கள் வயிற்றுக்கும் வந்து சேர்ந்திருந்தது. அதன் பலனைப் பிற்பகல் முதல் வகுப்பு வாங்கிக்கொள்ளும். கண் மூடினவன் பெஞ்சு மேல் நிற்க வேண்டும். நின்றுகொண்டே உறங்கப் படித்தது அங்கேதான். படித்ததில் இன்றைக்கும் நினைவிருப்பது அதுதான். அந்த மத்தியான மயக்கம் சாப்பாட்டால் மட்டும் வருவதில்லை, உடம்புக்குள் ஓடுகிற கடிகாரமே ஒரு மணிக்கும் மூன்று மணிக்கும் நடுவே ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறுகிறது, பட்டினி கிடந்தாலும் இறங்கும் என்பது பிறகு படித்துத் தெரிந்துகொண்டது. வாத்தியாரிடம் சொல்ல வழியில்லை. அவரும் நாற்காலியில் அதே பள்ளத்தில்தான் இறங்கிக்கொண்டிருந்தார்.

அப்புறம் திருநெல்வேலியில் ஒரு அரசாங்க ஆபீஸ். அங்கே உறங்குவது குற்றம், உறங்குகிற மாதிரி தெரிவது பெருங்குற்றம். எனக்கு மூத்த ஒரு கிளார்க் அண்ணாச்சி இதில் கலைஞர். ஃபைல் திறந்திருக்கும், கையில் மைப்பேனா, முள் குறிப்புத் தாளைத் தொட்டபடி நிற்கும், தலை ஆழ்ந்து யோசிக்கிற கோணத்தில். தூரத்திலிருந்து பார்த்தால் ஏதோ சட்டச் சிக்கலை அவிழ்க்கிறார். கிட்டே போனால் முள் நின்ற இடத்தில் ஒரு நீலப் பொட்டு, மிளகளவு, பிறகு உளுந்தளவு, பிறகு நாலணா அளவு பரவிக்கொண்டிருக்கும். பொட்டின் அளவை வைத்து எவ்வளவு நேரம் ஆயிற்று என்று நாங்கள் சொல்லிவிடுவோம். பால்பாயிண்ட் பேனா வந்ததும் அந்த அளவுகோல் போய்விட்டது.

ஊரிலும் இடைப்பட்ட காலத்தில் ஒன்று நடந்தது. ஆடி மாசம் செங்கோட்டைக் கணவாய் வழியாக மலையைத் தாண்டி வருகிற காற்று எங்களுக்குத் தாலாட்டு. விசிறி தேவையில்லை, புழுதி வாயில் விழாமல் துண்டு போட்டுக்கொண்டால் போதும். 1990-களில் அந்தக் காற்றைத் தேடி ஆட்கள் வந்தார்கள். காற்றாலைகள் நட்டார்கள், அவற்றைச் சோதித்துப் பார்க்க ஒரு நிலையமே கயத்தாற்றில் வந்தது. எங்களை உறங்க வைத்த காற்றை யூனிட் யூனிட்டாக எண்ணி விற்க முடியும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. உறக்கத்தையும் அப்படி எண்ணுவார்கள் என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

இப்போது எண்ணுகிறார்கள். மகன் பெங்களூரில் இருக்கிறான். அந்த ஊரில் வேக்ஃபிட் என்ற மெத்தைக் கம்பெனி 2022-ல், தினமும் மத்தியானம் 2 மணியிலிருந்து 2.30 வரை ஊழியர்கள் உறங்கலாம் என்று அறிவித்தது. மெத்தை விற்கிறவன் உறங்காதே என்றா சொல்வான்? மகனுடைய ஆபீஸ் வேறு. அங்கே உறங்குவதற்கென்று ஓர் அறை, செல்போனில் முன்பதிவு. "பவர் நாப்ப்பா. இருபத்தாறு நிமிஷம். நாசாவே சொல்லியிருக்கு" என்றான். நாசா ஆட்கள் நெடுந்தூர விமானிகளை நடுவானில் முறைவைத்து உறங்க விட்டுப் பார்த்தார்கள். சராசரியாக 26 நிமிஷம் உறங்கினவர்கள், இறங்குகிற நேரத்தில் உறங்காதவர்களைவிடச் சுதாரிப்பாக இருந்தார்கள். அரைமணியைத் தாண்டினால் ஆழ்ந்த உறக்கத்துக்குள் போய்விடுவோம், அங்கிருந்து எழுப்பினால் மந்தம் தெளிய நேரம் பிடிக்கும், அதனால்தான் குட்டி உறக்கத்தோடு நிறுத்திக்கொள்வது. "உங்க பூட்டன் இதுக்குப் பெருவிரல் வச்சிருந்தாருடா" என்றேன். அவன் புரியாமல், "எந்த ஆப்புப்பா?" என்றான்.

ஓய்வு பெற்றபின் எனக்கு இந்த விஷயத்தில் பழைய பத்திரிகைச் செய்திகளைத் தேடி வெட்டி வைக்கிற பைத்தியம் பிடித்தது. 2007-ல் கிரேக்க நாட்டில் 23,681 பேரைத் தொடர்ந்து பார்த்ததில், ஒழுங்காக மத்தியானம் உறங்குகிறவர்கள் இதய நோயால் சாவது 37 சதவீதம் குறைவு. அதைப் படித்த மத்தியானம் நிம்மதியாக உறங்கினேன். 2019-ல் சுவிட்சர்லாந்தில் 3,462 பேர்: வாரத்துக்கு ஒன்றிரண்டு நாள் உறங்கினால் இதயத்துக்கு நல்லது, தினமும் என்றால் அந்த நன்மை தென்படவில்லை. சரி என்று செவ்வாய், வெள்ளி என நாள் குறித்துக்கொண்டேன். 2022-ல் பிரிட்டனில் சுமார் 3,60,000 பேர்: அடிக்கடி பகலில் உறங்குகிறவர்களுக்கு ரத்தக்கொதிப்பு 12 சதவீதமும் பக்கவாதம் 24 சதவீதமும் அதிகம். அதைப் படித்த அன்றைக்கு உறக்கமே வரவில்லை, ராத்திரியும்.

மூன்றையும் டாக்டரிடம் நீட்டினேன். அவர் வாங்கிப் படிக்காமல், "ராத்திரி குறட்டை விடுவீங்களா? நடுவுல மூச்சு முட்டி முழிப்பு வருதா? சுகர் எவ்வளவு?" என்று மூன்று கேள்வி கேட்டார். பகல் உறக்கம் நோயைக் கொண்டுவருகிறதா, ஏற்கெனவே உள்ளே இருக்கிற நோய் பகல் உறக்கத்தைக் கொண்டுவருகிறதா என்பதை இப்படித் தலை எண்ணுகிற ஆராய்ச்சியால் பிரித்துச் சொல்ல முடியாதாம். மூன்று மணிக்குள், அரைமணிக்குள் என்றால் பயமில்லை. திடீரென்று மணிக்கணக்கில் பகலில் உறங்க ஆரம்பித்தால் மட்டும் வந்து பார்க்கச் சொன்னார். தேரையர், சரகர், கிரீஸ், பிரிட்டன் எல்லோரையும் அவர் இரண்டு நிமிஷத்தில் அனுப்பிவைத்துவிட்டார்.

வெட்டி வைத்ததில் நான் பத்திரப்படுத்தியிருப்பது வேறொன்று. அது நம் சென்னையில் நடந்தது. 2021-ல் ஒரு பொருளாதார ஆய்விதழில் வந்தது. குறைந்த வருமானக்காரர்கள் 452 பேருக்குக் கம்ப்யூட்டரில் தட்டச்சு வேலை கொடுத்து, கையில் உறக்கமானியைக் கட்டிப் பார்த்தார்கள். ராத்திரி எட்டு மணி நேரம் படுக்கையில் கிடக்கிறார்கள், உறங்குவதோ ஐந்தரை மணி நேரம். கொசு, புழுக்கம், இரைச்சல், தெருவிளக்கு. ஆளைக் கேட்டாலே சொல்லியிருப்பார்கள். மெத்தை, மின்விசிறி, கண்மறைப்பு, காதடைப்பு எல்லாம் கொடுத்ததில் ராத்திரி உறக்கம் 27 நிமிஷம் கூடியது. வேலையில் அதனால் ஒரு பலனும் தெரியவில்லை. ஆனால் சிலரை மத்தியானம் ஆபீசிலேயே அமைதியான இடத்தில் அரைமணி படுக்க விட்டார்கள். அவர்கள் வேலையில் சூட்டிகை கூடியது, கவனம் கூடியது, மனசு நன்றாக இருந்தது, காசு சேர்த்து வைப்பது கூடக் கூடியது.

எனக்குப் பிடித்தது அடுத்த வரி. அந்த அரைமணியில் சும்மா உட்கார்ந்திருந்தவர்களைவிட உறங்கினவர்களுக்குச் சம்பாத்தியம் அதிகம். அந்த அரைமணியும் உறங்காமல் வேலை பார்த்தவர்களைவிடக் குறைவு. உடம்புக்கு நல்லது, கூலிக்கு நஷ்டம். நல்லதா கெட்டதா என்று கேட்பவர்கள் யாருடைய உறக்கம், அந்த அரைமணிக்குக் காசு கொடுப்பது யார் என்று கேட்பதில்லை. தூத்துக்குடி உப்பளத்தில் இருட்டோடு இறங்கி வெயில் ஏறுமுன் கரையேறுகிறவர்களிடமும், ராத்திரி வள்ளத்தில் போய்வந்து பகலில் கண்மூடுகிறவர்களிடமும் பகல் உறக்கம் கெடுதல் என்று சொல்லிப் பாருங்கள். அவர்களுக்கு அது ராத்திரி உறக்கத்தின் பாக்கி.

போன ஆடியில் ஊருக்குப் போயிருந்தேன். திண்ணையை இடித்து வருஷம் பல ஆயிற்று. அந்த இடத்தில் இரும்புக் கிராதி போட்ட ஒரு வராந்தா, பளிங்குத் தரை. தலைச் சாய்வு இல்லை; துண்டை மடித்து வைத்துக்கொண்டு, தெற்கே தலை வைத்துப் படுத்தேன். மகன் பிறந்தநாளுக்கு வாங்கிக் கொடுத்த கைக்கடிகாரம் மணிக்கட்டில் இருந்தது. அது நாடி பார்க்கும், நடந்த அடிகளை எண்ணும், உறக்கத்தை நிறம் நிறமாகக் கோடு போட்டுக் காட்டும். தூரத்தில் காற்றாலைகள் சுற்றிக்கொண்டிருந்தன. ஈ ஒன்று வந்தது.

கிராதி வழியே வெயில் கட்டம் கட்டமாக வந்து காலைத் தொட்டதும் விழிப்புத் தட்டியது. இப்படி உறங்கி எத்தனையோ வருஷமாயிற்று. கடிகாரத்தைப் பார்த்தேன். உறக்கம் என்ற இடத்தில் ஒன்றும் ஏறவில்லை, முந்தின ராத்திரிக் கணக்கு அப்படியே நிற்கிறது. இருபத்தைந்து நிமிஷமாக அசையவில்லை, எழுந்து கொஞ்சம் நடங்கள் என்று மட்டும் சொன்னது.

அடுப்படியிலிருந்து மனைவி எட்டிப் பார்த்து, "என்ன, நல்ல உறக்கமோ?" என்றாள். கடிகாரத்தை அவள் பக்கம் திருப்பிக் காட்டினேன்.

"நான் எங்க உறங்குனேன்? கண்ணத்தான மூடியிருந்தேன்."