வில்லையும் நாடும்: ஐரோப்பியக் கார்ப் பயணத் திட்டம் குறித்து ஓர் ஆய்வு

பல நாடுகளைக் காரில் சுற்றிவரத் திட்டமிடுவோர் முதலில் எழுப்ப வேண்டிய வினா, நாடு என்பது யாது என்பதே. பெரும்பாலோர் இதை எழுப்புவதில்லை. நேரே ஓட்டல் பார்க்கப் போய்விடுகிறார்கள். திட்டங்கள் குட்டிச்சுவராவதற்கு இதுவே மூலகாரணம்.

நிலப்படத்தில் கோடு போட்டுக் காட்டியிருப்பதே நாடு என்பது பழைய கொள்கை. 1985 ஜூன் 14 அன்று, லக்சம்பர்க்கின் ஷெங்கன் கிராமத்தை ஒட்டிய மோசெல் ஆற்றில், ஒரு கப்பலில் கூடி ஐந்து நாட்டார் கையெழுத்துப் போட்டார்கள். அன்றே அக்கொள்கை ஆட்டம் கண்டது. இன்று ஷெங்கன் வட்டத்தில் 29 நாடுகள். எல்லையில் ஒரு நீலப் பலகை வரும். நட்சத்திரங்களுக்கு நடுவே நாட்டின் பெயர் இருக்கும். பின்னிருக்கைக்காரர் போனை எடுப்பதற்குள் அது பின்னால் போய்விடும். அவ்வளவுதான் எல்லை.

அப்படியானால் நாடு எங்கே போயிற்று? கார்க் கண்ணாடிக்குக் குடிபெயர்ந்துவிட்டது என்பதே இக்கட்டுரையின் கோட்பாடு. தன் நெடுஞ்சாலையில் ஓட்ட, முன்பணம் கட்டிக் கண்ணாடியில் ஒட்டும் சுங்க வில்லையை எவன் கேட்கிறானோ அவனே நாடு உடையவன் என்க.

ஆய்வின் எல்லையாகக் கொண்டது, மியூனிக்கில் வாடகைக் கார் எடுத்து, சால்ஸ்பர்க், லியூப்ளியானா, வெனிஸ், மிலான், லூசெர்ன், வடூஸ் வழியாக மறுபடி மியூனிக் சேரும் வட்டம். ஆறு நாடு. பிரான்சில் வில்லை கிடையாது, ஓடிய தூரத்துக்குத்தான் காசு, ஆகவே விலக்கப்பட்டது. பாரிஸ் இல்லாமல் ஐரோப்பாவா என்று கேட்கும் சித்தப்பாக்களுக்கு ஆய்வுலகில் இடமில்லை.

முதல் சான்று ஆஸ்திரியா. ஜெர்மனியிலிருந்து வால்செர்பெர்க் எல்லையைத் தாண்டியதும் ஆஸ்திரியா வந்துவிட்டது என்று கூகுள் சொல்லும். நம்பற்க. 2019 டிசம்பர் முதல் அங்கிருந்து சால்ஸ்பர்க் வடக்கு வரையிலான நெடுஞ்சாலைக்கு வில்லை வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள். வில்லைக்குக் காசு கொடுக்க மனமில்லாதவர்கள் நெடுஞ்சாலையை விட்டிறங்கி ஊர்த்தெருக்களை அடைத்துக்கொண்டதால் வந்த சலுகை இது. எனவே அத்துண்டு நிலத்தளவில் ஆஸ்திரியா, கோட்பாட்டளவில் சூனியம்.

திரும்பும்போது வடூஸிலிருந்து ஃபெல்ட்கிர்ஷ் வழியாக ஆஸ்திரியா இரண்டாம் முறை குறுக்கிடுகிறது. திட்டமிடுவோர் பலர் மறப்பது இந்த இரண்டாம் ஆஸ்திரியாவை. பத்து நாள் வில்லை வாங்கியவர் பதினோராம் நாள் அங்கே நுழைந்தால் மறுபடி காசு. பயணம் பத்து நாளாக அமைவதற்கு ஆபீசில் கிடைத்த லீவே காரணம் என்பாரும் உளர். அது பொருந்தாது.

கோட்பாடு முழு உருவம் பெற்று நிற்பது சுவிட்சர்லாந்தில். அங்கே ஒரு நாள் வில்லை, ஒரு வார வில்லை என்ற பேச்சே இல்லை. 40 பிராங்க், ஆண்டு முழுவதற்கும். ஆண்டு என்றால் அவர்கள் கணக்கில் 14 மாதம்: முந்தைய டிசம்பரில் தொடங்கி அடுத்த ஜனவரியில் முடியும். அரைநாள் ஓட்டிவிட்டுப் போகிறவரும் 14 மாத சுவிஸ்காரராகத்தான் போகவேண்டும். காரைத் திருப்பிக் கொடுக்கும்போது வில்லையையும் சேர்த்துக் கொடுக்க மனம் வராமல், டேப் போட்டு ஒட்டிப் பிறகு கழற்றிக்கொள்ளலாம் என்று எண்ணுவோருக்கு 200 பிராங்க் அபராதம், வில்லை விலை தனி. 2023 ஆகஸ்ட் முதல் மின்வில்லையும் உண்டு. அது காரின் நம்பர் பிளேட்டோடு கட்டப்பட்டது. வாடகைக் காரின் நம்பரோ சாவி கைக்கு வரும்வரை யாருக்கும் தெரியாது. ஆகவே மாதக்கணக்கில் திட்டமிட்டவரும் கடைசியில் கார் நிறுத்துமிடத்தில் குனிந்து நின்று, பிளேட்டில் இருப்பது ‘ஓ’வா பூஜ்யமா என்று போன் டார்ச்சில் பார்த்து எண்ணைத் தட்டுகிறார்.

தட்டச் சொல்பவர் நெறியாளர். ஆய்வேட்டுக்கு நெறியாளர் இருப்பதுபோல் கார்ப் பயணத்துக்கும் ஒருவர் உண்டு. ஓட்டுநருக்கு வலப்பக்கம், மேப்போடு அமர்வார். இரண்டு இடத்திலும் அவர் பணி ஒன்றே: தவறு நடந்த பிறகு, ‘நான் அப்பவே சொன்னேன்’ என்பது. சுவிட்சர்லாந்தின் 16.9 கிலோமீட்டர் கொத்தார்டு சுரங்கத்தின் வாயிலில் ஈஸ்டர் விடுமுறையில் மாட்டிக்கொண்டவர்கள் இதை நன்கு அறிவர். வரிசை கிலோமீட்டர் கணக்கில் நிற்கும், சிக்னல் சொட்டுச் சொட்டாக வண்டிகளை உள்ளே விடும், நெறியாளர் பேசிக்கொண்டேயிருப்பார்.

இனி எதிர்ச்சான்று. ஜெர்மனியில் கார்களுக்குச் சுங்க வில்லை இல்லை. ஆகவே இக்கோட்பாட்டின்படி ஜெர்மனி நாடன்று. மிகை என்பவர் வரலாற்றைக் காண்க. அந்தக் குறை உறுத்தித்தான் போலும், அவ்வரசு கார்களுக்குச் சுங்கம் விதித்துச் சட்டம் போட்டது. உள்நாட்டாருக்கு அதை வண்டி வரியில் கழித்துக்கொள்ள வழியும் செய்தது. கைக்காசு போவது வெளியூர்க்காரனுக்கு மட்டும். ஆஸ்திரியா வழக்குப் போட்டது. 2019 ஜூன் 18 அன்று ஐரோப்பிய நீதிமன்றம் செல்லாது என்றது. ஒரு காசு வசூலாகுமுன்பே ஒப்பந்தம் எடுத்தவர்களுக்கு 24 கோடியே 30 லட்சம் யூரோ இழப்பீடு போயிற்று. வில்லை கிடைக்காத நாடு வேறென்ன செய்யும்? 2024 செப்டம்பர் 16 முதல் எல்லாத் தரை எல்லைகளிலும் சோதனை வைத்தது. முறையற்ற குடியேற்றத்தைத் தடுக்க என்று காரணம் சொன்னார்கள். ஆய்வாளனுக்கு அந்தக் காரணம் தேவைப்படவில்லை.

லீக்டன்ஸ்டைனில் நெடுஞ்சாலையே இல்லை, எனவே வில்லையும் இல்லை. ஆனால் வடூஸ் சுற்றுலா அலுவலகத்தில் சிறு கட்டணம் வாங்கிக்கொண்டு பாஸ்போர்ட்டில் முத்திரை குத்துகிறார்கள். முத்திரையும் ஒருவகை வில்லையே என்று கொண்டு நாடாக ஏற்றோம். ஆறில் ஒன்று குறைந்தால் ஊரில் சொல்ல முடியாது.

எஞ்சியவற்றுள் சிக்கலானது இத்தாலி. அங்கும் தூரத்துக்குத்தான் காசு. நுழையும்போது எடுத்த சீட்டைத் தொலைத்தால், ஆகத் தொலைவான வாயிலிலிருந்து வந்ததாகக் கணக்கிடுவார்கள். வில்லை இல்லாத இத்தாலியை எவ்வாறு நாடெனக் கொண்டது எனின், பழைய நகர்மையங்களில் வெளிவண்டி புகக்கூடாத வட்டாரம் வகுத்துக் கேமரா வைத்திருக்கிறார்கள். புகும்போது எவரும் தடுப்பதில்லை, விசில் இல்லை, கை காட்டுவதில்லை. ஐஸ்கிரீம் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு வந்துவிடலாம். மாதங்கள் கழித்து அபராதக் கடிதம் வீடு தேடி வரும். அதற்கு முன்பே, முகவரி எடுத்துக்கொடுத்த கூலி என்று வாடகைக் கம்பெனி கார்டில் தனியாகப் பிடித்திருக்கும். மற்ற நாடுகள் முன்பணம் வாங்கித் தம் இருப்பை நிறுவ, இத்தாலி பின்பணம் வாங்கி நிறுவுகிறது என்பதே இருவகைக்கும் வேற்றுமை.

எனவே திட்டத்தாளில் பத்து நாள் என்று எழுதுவது குற்றம். பத்து நாளும் ஒரு தபாலும் என்று எழுதுக. வந்த தபாலை நெறியாளர் கண்ணில் படாமல் எங்கே வைப்பது என்பதில் உரையாசிரியர்களிடையே கருத்து வேற்றுமை உண்டு.