மண்ணச்சநல்லூர்ப் பலகைகளில் ஒற்றெழுத்தின் நிலை: ஒரு விசாரணை

ஸ்ரீரங்கத்தைக் கடந்து துறையூர் மார்க்கத்தில் செல்வோர் காணும் மண்ணச்சநல்லூரில், அரிசியிலிருந்து கல்லை நீக்குவதற்கு யந்திரங்கள் பல சுழன்றுகொண்டிருக்க, தந்நகரத்தினின்று றன்னகரத்தைப் பிரித்தெடுக்க ஒன்றேனும் ஸ்தாபிக்கப்படாதது ஏன் என்பதே இவ்வாராய்ச்சியின் பிரதான விஷயம். ஊர்ப் பெயரே முதல் சாட்சி. ணகரம் ஒன்றா இரண்டா என்ற அபிப்பிராய பேதத்தை விட்டுத்தள்ளினாலும், ‘நல்லூர்’ என்பது ‘னல்லூர்’ ஆகிவிடும் விபரீதம் இருக்கிறது. சொல்லின் முதலில் றன்னகரம் வாராது; தொகையின் நடுவே அகப்பட்டுக்கொண்டாலும் ‘நல்லூர்’ தன் தலையெழுத்தை மாற்றிக்கொள்ள வேண்டுவதில்லை. ஆயினும் இக்காலத்துச் செவிக்கு இரண்டும் ஒன்றேயாகையால், கை தடுமாறுகிறது.

போலந்து தேசத்தாருக்கும் இத்துன்பம் உண்டு. அவர்கள் பாஷையில் உகர ஒலி ஒன்றுக்கு எழுத்து இரண்டு. அவ்வொலி இனமான வேறொரு சொல்லில் ஒகரமாகத் திரியுமானால் இன்ன எழுத்தை இடுக என்று விதித்துவிட்டு, விதிக்கு அடங்காதவற்றை மனப்பாடம் செய்யச் சொல்லிவிட்டார்கள். 1987இல் கத்தோவித்சே நகரில் இதற்கென ஒரு போட்டியே தொடங்கினார்கள். ஒருவர் வாசிக்க, வளர்ந்த பெரியவர்களும் அமர்ந்து பிழையின்றி எழுதிப் பார்க்கிறார்கள். நம்மவர்க்கு அவ்வளவு ஓய்வில்லை. அதற்குள் அறுவடை வந்துவிடுகிறது.

நிற்க. நெல்லைப் பற்றித் தொல்காப்பியர் சும்மா இருந்தாரில்லை. செல், கொல், சொல் என்னும் மூன்றோடு நெல்லையும் சேர்த்துத் தனிச் சூத்திரமே செய்து, வல்லினம் வரின் அல்வழியிலும் அவற்றின் லகரம் றகரமாகத் திரியும் என்றார். பவணந்தியாரும் நன்னூலில் அதை வழிமொழிந்தார். மெல்லினம் வந்தாலோ லகரம் னகரமாகும். அவ்வண்ணமே ‘நென்மண்டி’ என்று பலகை எழுதி மாட்டியிருந்தால் இலக்கணம் பிழைத்திருக்கும்; லால்குடியிலிருந்து மூட்டையேற்றி வந்த வண்டிக்காரரோ மண்டியின் வாசலிலேயே நின்று மண்டிக்கு வழி கேட்டிருப்பார். ஆகவே ‘நெல் மண்டி’ என்று எழுதும் வியாபாரிகள் நிரபராதிகள் என்றே தீர்ப்பளிக்கிறேன்: விதியால் சொல்லின் முகமே மாறிவிடுமானால், பலகையில் விதி தளர்வதே நியாயம்.

‘அரிசி கடை’க்கு அந்தச் சலுகை கிடையாது. அரிசியை விற்கும் கடை என உருபும் பயனும் உடன்தொக்க இத்தொகையில் ககர ஒற்று மிகுந்தே தீரவேண்டும். மிகுந்தால் எந்தச் சொல்லின் முகமும் மாறப்போவதில்லை. (‘அரிசி ஆலை’ உயிரெழுத்தின் புண்ணியத்தால் ஒற்றின்றித் தப்பிவிட்டது.) பலகை எழுதுவோர் எழுத்துக் கணக்கில் கூலி பேசினார்களென்றும், புள்ளியெழுத்துக்கும் முழுக்கூலி என்று கேட்டவுடன் முதலாளி அதைக் கழித்துவிட்டாரென்றும் அனுமானிக்கிறேன். யந்திரத்தில் அச்சாகும் இந்நாளைய பிளக்ஸ் பலகையிலும் ஒற்று இல்லையே என்று பூர்வபட்சம் கூறுவாருண்டு. பழைய பலகையைப் பார்த்தே புதியதை அடிக்கிறார்கள் என்பது அதற்குச் சமாதானம்.