விண்ணப்பத் தம்பி

கல்முனையிலிருந்து கிட்டங்கித் தாம்போதியைத் தாண்டினால் நாவிதன்வெளி. மாரி வெள்ளம் தாம்போதிக்கு மேலால் பாய்ந்தால் போக்குவரத்து நின்றுவிடும். வெள்ளம் வடிந்ததும் சனம் தன் பாட்டில் போகும், வரும். விண்ணப்பத் தம்பிக்கு மட்டும் வெள்ளம் வடிவதே இல்லை. வருடம் முழுக்க அக்கரையைப் பார்த்தபடி இக்கரையில் நிற்பார்.

தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பிரதான வளாகம் ஒலுவிலில் இருக்கிறது. பிரயோக விஞ்ஞான பீடம் சம்மாந்துறையில். அங்கே மூன்றாம் வருடத்தில் பெட்சுக்கு ஒருவராவது இந்த இனம். ஆளைக் கண்டுபிடிப்பது லேசு. கடையில் எல்லோரும் பிளேன்டீ ஆறுமுன் குடித்து எழும்புவார்கள். இவருடைய கோப்பையில் ஈ விழுந்திருக்கும், இவர் ஃபோனில் சி.வி. திருத்திக்கொண்டிருப்பார். அதில் கிரிக்கெட் கெப்டன் பதவியைப் போடுவதா, எடுப்பதா என்பது இன்னும் முடிவாகவில்லை.

பெரிய கேள்வி வேறு. கோடைகால ஆராய்ச்சிப் பயிற்சிக்கு வெளிநாடு போவதா, நம்முடைய லெப்பிலேயே நின்று தொடங்கின வேலையை முடிப்பதா?

திட்டங்களின் விவரம் தம்பிக்கு மனப்பாடம். ஜெனீவாவின் செர்ன் 1962 முதல் கோடை மாணவர்களை எடுக்கிறது; உறுப்பு நாடல்லாத நாட்டவர்களுக்கும் சில இடங்கள் உண்டு. ஜப்பானின் ஒகினாவா விஞ்ஞான தொழில்நுட்ப நிறுவகம் விமானச் சீட்டும் தங்குமிடமும் கொடுக்கும். ஜெர்மனியின் ‘வைஸ்’ இந்திய மாணவர்களுக்கு. அதன் விதிமுறைகளைக் கடைசி வரி வரை வாசித்த பிறகுதான் முதல் வரி தம்பியின் கண்ணில் பட்டது. சவூதியின் துவலில் செங்கடல் ஓரமாக 2009இல் திறந்த மன்னர் அப்துல்லாஹ் விஞ்ஞான தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலும் மூன்று முதல் ஆறு மாதப் பயிற்சி இருக்கிறது, மாதப் படியோடு.

துவல் ஜித்தாவுக்குக் கிட்ட என்று உம்மா கேள்விப்பட்டதோடு வீட்டில் பாதி வழக்கு முடிந்தது. “அங்கரிந்து மக்கா எவ்வளவு தூரம் மகன்? உம்றாவையும் செஞ்சிட்டு வரலாமே.” அன்றிரவே ராத்தா வீட்டுக்கும் சாச்சி வீட்டுக்கும் செய்தி போயிற்று. விண்ணப்பம் மட்டும் இன்னும் போகவில்லை.

வாப்பா வயல்காரர். கச்சான் காற்று முகத்தைச் சுட, சிறுபோக வரம்பில் நிற்பவர். “கோடையில வேலை செய்யவா மனே ஜெனீவாக்குப் போற? இஞ்ச இருக்கிற கோடை காணாதா? ஆகஸ்ட்ல வெட்டு. ஆரு நிக்கிற?” பெரியப்பா அதற்கும் மேலே போனார். “மறுகா கவர்மென்ட் வேலை கிடைக்குமா?”

உண்மையில் தம்பியிடம் ஒரு நல்ல கேள்வி இருக்கிறது. மருதமுனைத் தறிகளின் சாயத் தண்ணீரை உமிக்கரியால் தெளிவாக்க முடியுமா? நெல்லின் நிறையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு உமி. அதை முழுதாக எரித்தால் வரும் சாம்பலில் பெரும்பகுதி சிலிக்கா. காற்றுக் குறைவாகக் கருக்கினால் சாயத்தைப் பிடித்து வைக்கும் கரி. அம்பாறை மாவட்டத்தில் உமிக்குப் பஞ்சமில்லை, மருதமுனையில் சாயத்துக்கும் பஞ்சமில்லை. கரியைச் சலித்து, சாயத்தில் போட்டுக் குலுக்கி, வடித்து, நிறம் எவ்வளவு குறைந்தது என்று அளக்க வேண்டும். சலிப்பான வேலைதான். முதல்நாள் வாசிப்பும் மறுநாள் வாசிப்பும் ஒத்துவராது. ஏன் என்று பார்ப்பதற்குள் ஒரு மாதம் ஓடிவிடும். லெப்பில் நிற்பவருக்குத்தான் அந்த ஒரு மாதம் கிடைக்கும்.

பயிற்சிக்குப் போனால் முதல் வாரம் அடையாள அட்டைக்கும் பாதுகாப்பு வகுப்புக்கும் சரி. கடைசி வாரம் போஸ்டர் ஒட்ட. நடுவில் மிஞ்சுவதில் வேறொருவருடைய கேள்விக்கு வேலை செய்ய வேண்டும். ஆனால் இங்கே படத்தில் பார்த்த இலத்திரன் நுணுக்குக்காட்டியைக் கையால் தொடலாம். வேலையைக் கண்ணால் கண்ட ஒருவர் சிபாரிசுக் கடிதம் தருவார். அந்தக் கடிதம் மேற்படிப்பு வாசலில் நன்றாகவே பேசும்.

இரண்டு பக்கத்துக்கும் தம்பியிடம் சாட்சி உண்டு. பௌதிகவியலாளர் ராமன் சென்னை பிரசிடென்சி கல்லூரி மாணவராக இருந்தபோது, கல்லூரி நிறமாலைமானியில் கண்ட ஒளிப் பட்டைகளைப் பற்றி எழுதிய கட்டுரை 1906 நவம்பரில் ‘பிலோசொபிக்கல் மகசீன்’ இதழில் வந்தது. அப்போது அவருக்கு வயது 18. ஆகவே லெப்பிலேயே நிற்கலாம். அதே கல்லூரி மாணவர் சந்திரசேகர் 1928 கோடை விடுமுறையில் கல்கத்தாவுக்குப் போய் ராமனின் ஆய்வுகூடத்தில் இருந்தார். ஆகவே போகலாம். “ஆனா மச்சான், அவருக்குக் கல்கத்தாவில சாச்சா இருந்தாரு. எனக்கு ஆரு இருக்கா?” ராமன் சந்திரசேகரின் தகப்பனுடைய தம்பி. தகவல் சரிதான், தம்பியின் தகவல் எப்போதும் சரியாகவே இருக்கும்.

விரிவுரையாளர் ஒருநாள் கூப்பிட்டு நேராகவே சொன்னார். “உமிக்கரி உங்களுக்கிட்ட இருக்கு. இங்க செய்யக்கூடிய அளவையெல்லாம் முதல்ல முடிங்க. மறுகா கரியின் துளையைப் பார்க்க வேணும் என்றால் கரி டின்னோட கண்டி ஹந்தானையில இருக்கிற அடிப்படை ஆய்வு நிறுவகத்துக்கோ, ஹோமாகம நனோ தொழில்நுட்ப நிறுவகத்துக்கோ எழுதிக் கேளுங்க. கேள்வியோட போறவனுக்குத்தான் கருவி உதவும்.”

“ஓம் சேர்” என்றார் தம்பி. வெளியே வந்ததும் ஹந்தானையா, ஹோமாகமவா என்று புதிதாக ஓர் அட்டவணை போட ஆரம்பித்தார்.

பக்கத்து மேசைத் தங்கச்சி இந்த அட்டவணை எதையும் பார்க்கவில்லை. தன் மூன்றாவது சுற்று அளவீட்டை முடித்து, குறிப்புப் புத்தகத்தில் திகதி போட்டு, ஒகினாவாவுக்கும் எழுதிவிட்டு அடுத்த குடுவையைக் கழுவிக்கொண்டிருந்தார்.

உங்கள் வீட்டிலும் இப்படியொரு தம்பி இருந்தால் டிசம்பரில் ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்து ஒரேயொரு விண்ணப்பத்தை அனுப்ப வையுங்கள், இல்லையென்றால் ஃபோனை வாங்கி வைத்துக்கொண்டு லெப்புக்கு அனுப்புங்கள். செர்ன் விண்ணப்பம் வழமையாக ஜனவரிக் கடைசியில் மூடிவிடும். தம்பி தீர்மானிப்பது பெப்ரவரியில்.