சொந்த ஊர் இல்லாத இட்லி

தாம்பரத்தில் டிபன் கடை திறக்க முதல் தேவை சமையல்காரர் அல்ல, வேறோர் ஊர். மதுரை, காரைக்குடி, கும்பகோணம் என ஏதாவது ஒன்று பலகையில் இருந்தாக வேண்டும். ஜிஎஸ்டி சாலையில் தெற்கே போனால், கும்பகோணம் டிகிரி காபி பலகைகளை எண்ணியே பொழுதைப் போக்கலாம். கும்பகோணத்திலேயே இத்தனை இருக்குமா என்பது சந்தேகம். தாம்பரமோ, சென்னைக் கடற்கரையிலிருந்து 1931-லேயே மின்சார ரயில் வந்த ஊர், 2021-ல் மாநகராட்சியும் ஆகிவிட்டது. ஆனாலும் ‘தாம்பரம் இட்லி’ என்று எழுத ஒருவருக்கும் துணிச்சல் வரவில்லை.

சேலையூர்ப் பக்கம் முளைத்த புதுக் கடைக்கு ஞாயிறு காலை குடும்பத்தோடு போனோம். மாமியார் மேற்குத் தாம்பரத்துக்காரர். தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம் இட்லியே கிடையாது என்பது அவர் கட்சி. டோக்கனோடு, காபியின் கடைசி வாயில் இருப்பவர்களின் முதுகுக்குப் பின்னால் நின்று இடம் பிடித்தோம். மகன் கேட்ட பொடி இட்லி நெய்யில் நீச்சலடித்து வந்தது. மாமியாருக்கு வெறும் இரண்டு இட்லி போதும். அது கிடையாதாம், வடை, பொங்கல், கேசரி சேர்ந்த காம்போதான். இரண்டாம் முறை சட்னிக்குத் தனிக் காசு, அதற்கும் 5 சதவீத ஜிஎஸ்டி.

“மாவு இங்கயே அரைக்கிறீங்களாப்பா?” என்றார் மாமியார், குறுக்கு விசாரணைக் குரலில்.

“இல்லம்மா, எங்க சென்ட்ரல் கிச்சன்லேருந்து வருது. வெஸ்ட் தாம்பரம்.”

“அதானே பார்த்தேன்” என்றவர், இன்னொரு காம்போவுக்கு டோக்கன் வாங்கச் சொன்னார்.