சேட்டுல எழுத்து, செவத்துல பெயின்ட்

இஞ்ச வா மகன். இந்த வாங்குல இரி. ஆகஸ்ட்டுல உன்ட சபைக் கூட்டத்தோட கடல் தாண்டி மிசன் வாறியாமே? பத்து நாளாம், கல்முனைக் கடற்கரைப் பக்கத்து ஏழைச் சனத்துக்கு ஊழியமாம். நல்ல காரியம். நான் ஏன் வேணாம் எண்டு சொல்ல? சவளக்கடையில வெத்தில மெண்டுக்கிட்டு இரிக்கிற கிழவன், எனக்கு ஆரு ஊழியம் செய்யப் போறா? எங்கட பக்கம் ஒருத்தரும் மிசன் வாறதில்ல. மாரி பொறந்தாக் கிட்டங்கித் தாம்போதிக்கு மேலால வெள்ளம் பாயும். உழவு மிசினுலயும் தோணியிலயும் தொத்திக்கிட்டுக் கல்முனைக்குப் போய் வருவம். வருசா வருசம் நடக்கிற கூத்து அது. கடல் தெரியாத வறுமை படத்துக்கு எடுபடாதாக்கும்.

எல்லாருக்கும் ஒரே நிறத்துல டீ சேட்டு அடிச்சாச்சாம். முதுகுல கொட்டை எழுத்துல அன்பு எண்டு இங்கிலீசுல போட்டிரிக்காம். எனக்கு ஒரு சந்தேகம். முதுகுல எழுதினா, முன்னால நிக்கிறவனுக்கு எப்பிடித் தெரியும்? நீ திரும்பிப் போகக்குள்ளதான தெரியும்?

கோவிக்காத. எங்கட ஆக்களும் லேசுப்பட்டவங்க இல்ல. ஹஜ்ஜுப் பெருநாளைக்கு ஆட்ட அறுத்துப் பங்கு குடுக்கக்குள்ள, ஆட்ட விடப் பெரிய பேனர் கட்டுறாங்க. நோம்புக்கு அஞ்சு கிலோ அரிசி குடுக்கிற ஹாஜியாருக்குப் பக்கத்துல அஞ்சு போன் நிக்கிது. வாங்க வந்தவ முந்தானைய இழுத்து முகத்த மூடுறா. படம் புடிக்கிறவன் "உம்மா, இஞ்சால பாருங்க" எண்டுறான். வலக்கை குடுக்கிறது இடக்கைக்குத் தெரியப்படா எண்டு உங்கட வேதத்துலயும் இரிக்கி, எங்கட ஹதீஸ்லயும் இரிக்கி. ரெண்டு பேரும் சண்டை இல்லாம ஒத்துக்கிற விசயம். நாம என்ன செஞ்சம்? செல்பித் தடி எண்டு மூணாவது கை ஒண்ட விலைக்கு வாங்கிட்டம்.

ஜமாஅத்துப் போறவங்களப் பாத்திரிக்கியா? மூணு நாள், நாப்பது நாள் எண்டு கிளம்புவாங்க. படுக்கையும் சட்டி பானையும் அவங்கட தோள்ல. பள்ளிவாசல்ல படுப்பாங்க, அவங்களே ஆக்கித் திம்பாங்க. அவங்கட கதையெல்லாம் எனக்குப் பிடிக்கும் எண்டு இல்ல. அசர் தொழுதுட்டு ஆறுதலா வெத்திலய மடிக்கிற நேரம் பாத்துக் கடப்படியில வந்து நிப்பாங்க. ஆனா ஊரான் அடுப்புக்குப் பாரமா இரிக்க மாட்டாங்க. உங்கட கூட்டத்துக்கு வான் வேணும், கதைய மாத்திச் சொல்ல ஒருத்தர் வேணும், போத்தல் தண்ணி பெட்டி பெட்டியா வேணும், உறைப்பில்லாம ஆக்க ஒருத்தி வேணும். ஊழியம் செய்ய வந்தவங்களுக்கு ஊழியம் செய்யவே ஊருல பாதிப் பேரு தேவப்படுது.

உனக்கென்ன வயசு? 2004 டிசம்பர் 26 அண்டு நீ பொறந்திரிக்கவே மாட்டாய். இலங்கையில 30,000க்கும் மேல சனம் மௌத்து. அதுல ஆகக் கூட எங்கட அம்பாறை மாவட்டம்தான், 10,000த்துக்கும் மேல. மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு எண்டு கரையெல்லாம் மையித்து. அடக்கி முடியிறதுக்குள்ள உலகமே வந்து இறங்கிட்டு. பொய் சொல்லப்படா. அந்த நேரம் தண்ணி தந்தவன, மருந்து தந்தவன, கூடாரம் அடிச்சவன நாங்க மறக்கல்ல. சமயம் பாக்காமத்தான் தந்தாங்க. மறுகா வந்துதே ஒரு வரத்து! பனி நாட்டுக் கம்பளிச் சட்டை மூட மூடயா. கச்சான் காத்துல வேகுற ஊருக்குக் கம்பளி! ரோட்டோரம் குமிச்சுக் கிடந்தத மாடு மோந்து பாத்துட்டுப் போச்சு. கடல்ல கால் நனைக்காதவனுக்கும் பைபர் தோணி. அத வச்சு என்ன செய்ய? வளவுக்குள்ள கவுத்து வச்சான், கோழி அடைஞ்சிச்சு.

வீடும் அப்பிடித்தான். அக்கரைப்பற்று நுரைச்சோலையில சவூதிக் காசுல 500 வீடு கட்டினாங்க. ஆருக்குக் குடுக்கிற எண்டு வழக்குப் போய், வருசக் கணக்காப் பூட்டிக் கிடந்து, வளவெல்லாம் பத்தை மண்டிச்சு. வீடும் இரிந்திச்சு, வீடில்லாத சனமும் இரிந்திச்சு, ரெண்டும் சந்திக்கல்ல. சாய்ந்தமருதுல ஒரு கிராமத்துக்குப் பேரு பொலிவேரியன். தென்னமெரிக்காவுல ஆரோ பெரிய வீரர்ட பேராம். மருதமுனையில ஒரு வீட்டுத் திட்டத்துக்குப் பேரு 65 மீட்டர். குடியிரிக்கப் போறவங்கட்ட ஒரு பேரு சொல்லுங்க எண்டு கேட்டிரிந்தா, அளவு நாடாட பேரயா மகன் சொல்லியிரிப்பாங்க?

கேக்காமச் செய்யிற வியாதி இது. உனக்கும் அது தொத்தியிரிக்கு. கையில என்ன, நிகழ்ச்சி நிரலா? முதலாம் நாள் மதிலுக்கு பெயின்ட். பாத்தியா, நான் சொல்லல்ல?

கடற்கரைப் பக்கம் பாலர் பாடசாலை ஒண்டு இரிக்கி. அதுட மதில நகத்தால சுரண்டிப் பாரு. மேல பச்சை, அதுக்குக் கீழ ஊதா, அதுக்கும் கீழ மஞ்சள். வந்த கூட்டமெல்லாம் அதுலதான் ஊழியம் செஞ்சது. வானவில்லு, வண்ணாத்திப்பூச்சி, கை அடையாளம். எதிர்ப்பக்கம் பூவரசு நிழல்ல ஒருத்தன் குந்திக்கிட்டு இரிப்பான். பெயின்ட் அடிக்கிறதுதான் அவன்ட தொழில். அண்டைக்கு வேல இல்ல. உப்புக் காத்துப் பட்ட சுவர், முதல்ல நல்லாத் தேய்க்கணும், வெடிப்புக்குப் புட்டி வைக்கணும், பிறைமர் ஒரு கை அடிக்கணும், மறுகாதான் நிறம். நீங்க எடுத்த எடுப்புல வானவில்லு போட்டா அடுத்த மாரிக்கு உரிஞ்சிரும். அது அவனுக்குத் தெரியும். அவன ஆரு கேட்ட? நீ வாற பிளேன் டிக்கட்டுக் காசுல அவனுக்கு எத்தின மாசக் கூலி எண்டு கணக்குப் பாரு. சபையில உண்டியல் தூக்கிச் சேத்த காசு எண்டு சொன்னாய். ஊரான் வீட்டு நெய்யே, என் பொஞ்சாதி கையே!

ரெண்டாம் நாள் மருத்துவ முகாமாம். கல்முனையில ஆஸ்பத்திரி இல்ல எண்டு ஆரு உனக்குச் சொன்ன? அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலை ஒண்டு, வடக்கு ஆதார வைத்தியசாலை ஒண்டு. பிரதேச செயலகத்துக்கே வடக்கு, தெற்கு எண்டு மல்லுக்கட்டுற ஊரு மகன் இது, ஆஸ்பத்திரிய ஒண்டோட விட்டிரிப்பமா? உன்ட விட்டமின் குளிசைக்கு வெயிலுக்க வரிசையில நிக்கிற மூத்தம்மா, குளிசைக்காக நிக்கல்ல. கடல் தாண்டி வந்த புள்ளட மனசு நோகப்படா எண்டு நிக்கிறா.

மூணாம் நாள் வீடு வீடாச் சந்திப்பு. அதுக்குப் பொறகு ஊருக்குப் போய் என்ன சொல்லுவாய் எண்டு நான் இப்பவே சொல்லட்டா? "அவங்ககிட்ட ஒண்டுமே இல்ல, ஆனாலும் எவ்வளவு சந்தோசமா இரிக்காங்க!" வந்தவங்க எல்லாரும் இதத்தான் சொல்லுறாங்களாம். ஒரு வீட்டுக்கு நீ போய் வந்துட்டாய் எண்டு வை. நீ வாறதுக்கு முந்தி அந்த வீட்டுக்குள்ள நடந்தது உனக்குத் தெரியுமா? பக்கத்து வீட்டுல மூணு பிளாஸ்டிக் கதிர இரவல். எதிர் வீட்டுல கண்ணாடிக் கிளாசு. மூலைக் கடையில நெக்டோ பெரிய போத்தல் ஒண்டு, மாரி பிஸ்கட் ரெண்டு பக்கட், கடன் கொப்பியில எழுதியாச்சு. அந்தக் கொப்பியில போன மாசக் கணக்கே இன்னம் வெட்டுப்படல்ல. புருசன் கடலுக்குப் போய் வெறுந் தோணியோட வந்து படுத்துக் கிடக்கான். எல்லாத்தையும் அறைக்குள்ள தள்ளிச் சீலைய இழுத்து விட்டுட்டு அவள் சிரிச்சுக்கிட்டு வாசலுக்கு வந்தாள். அந்தச் சிரிப்பத்தான் நீ கண்டாய். ஒரு வாய் குடிச்சிட்டு, சீனி கூட எண்டு கிளாச வச்சிட்டாய். கதவோரம் நிண்ட சின்னவன் அந்தக் கிளாசயே பாத்துக்கிட்டு நிண்டான். வந்தவங்க போற வரைக்கும் கேக்கப்படா எண்டு அவனுக்குச் சொல்லி வச்சிரிக்கி. நீ ஆருக்கு ஊழியம் செஞ்ச? அவள் உனக்குச் செஞ்சாள். கணக்கு அவ்வளவுதான்.

சின்னனுகள் பத்திக் கவலப்படாத. அதுகள் உன்ன விடக் கெட்டி. போன கூட்டம் பழக்கின பாட்ட இந்தக் கூட்டத்துக்குப் புதுசாப் பழகிற மாதிரிப் பாடிக் காட்டும். கமராவக் கண்டா ரெண்டு விரல விரிக்கும். பலூன் முடிஞ்சா வீட்டுக்கு ஓடும்.

இன்னொண்டு. ஏசு நபியப் பத்திச் சொல்லணும் எண்டு உனக்கு ஆசையிரிந்தா நேராச் சொல்லு. நான் இந்த வாங்குலயே இரிந்து கேப்பன். ஈஸா நபி எண்டு எங்களுக்கும் அவர் பெரியவர்தான். நீ சொல்லி முடிய நானும் என்டதச் சொல்லுவன், நீயும் இரிந்து கேக்கணும். வெத்தில முடியிற வரைக்கும் கதைப்பம். ஆனா அரிசி மூடைக்குள்ளயும் புத்தகப் பைக்குள்ளயும் துண்டுப் பேப்பர ஒளிச்சு அனுப்பாத. பசிச்சவன்ட சோத்துக்குள்ள கொக்கி போடுறது மீன்காரன் வேல.

பாதிரிமாரெண்டாலே எனக்கு ஆகாது எண்டு நினைச்சிராத. காரைதீவுல 1892ல பொறந்தாரே மயில்வாகனம், அவர் படிச்சது கல்முனை மெதடிஸ்தப் பள்ளிக்கூடத்துலதான். மறுகா மட்டக்களப்புல கத்தோலிக்கச் சாமிமார்ட புனித மிக்கேல்ல. ரெண்டு சபையும் படிப்பிச்சு, கடைசியில ஆள் என்ன ஆனார்? ராமகிருஷ்ண மிசன்ல சேந்து விபுலானந்த சுவாமியா வந்து நிண்டார்! அதுவும் மிசன்தான், வேற மிசன். பாதிரிமார் ஆரும் வந்து பீசத் திருப்பிக் கேக்கல்ல. படிப்பக் குடுத்தாங்க, புள்ள போற வழிக்கு விட்டாங்க. அதுதான் குடுக்கிற.

அந்த மெதடிஸ்தப் பள்ளிக்கூடங்களுக்கு வேர் போட்டது ஆரு? 1814ல வெஸ்லியன் பாதிரிமார் கப்பல்ல வந்தாங்க. கூட்டிக்கிட்டு வந்த கோக் எண்ட பெரியவர் நடுக்கடல்லயே மௌத்து. மத்தவங்க காலியில இறங்கினாங்க. வில்லியம் ஓல்ட் எண்டவர் மட்டக்களப்புக்கு வந்து சேந்தார். அடுத்த வருசமே அவரும் மௌத்து. இருந்தது ஒரு வருசமும் இல்ல. அதுக்குள்ள பள்ளிக்கூடம் துவங்கிட்டார், இண்டைக்கு மெதடிஸ்த மத்திய கல்லூரி எண்டு நிக்கிறது அதுட தொடர்ச்சிதான். நாள் கொஞ்சம் எண்டு நான் உன்னக் குறை சொல்லல்ல பாரு. அவருக்கும் நாள் கொஞ்சம்தான். ஆனா திரும்பிப் போற திகதி அவர்ட பையில இல்ல.

யூஜின் ஹேபர்ட் சுவாமி எண்டு ஒருத்தர் இரிந்தார், அமெரிக்காட லூசியானாக்காரர். 1948ல வந்தவர். மிக்கேல்ல பெடியனுகளுக்குக் கூடைப்பந்து பழக்கினார். கடைசிக் காலத்துல கைத்தொழில் பழக்குற நிலையத்த நடத்தினார். 1990 ஆகஸ்ட் 15, வாழைச்சேனையில இரிந்து மட்டக்களப்புக்கு வரக்குள்ள வழியில காணாமப் போனார். கூட ஒரு தமிழ்ப் பெடியனும். அந்த மாசம் எங்கட கிழக்கு மண்ணுல மனுசன் மனுசனுக்குச் செஞ்சதெல்லாம் கதைக்க எனக்கு வாய் வராது. நாட்ட விட்டுப் போகணும் எண்டா அவருக்குத் தூதரகம் இல்லாமலா இரிந்திரிக்கும்? நாப்பது வருசத்துக்கு மேல இஞ்ச இரிந்தவர் எந்த ஊருக்குத் திரும்பிப் போவார்?

உன்ன அப்பிடி இரி எண்டு நான் சொல்லல்ல. உம்மா வாப்பா தேடுவாங்க. பத்து நாளுக்குப் பத்து நாள் வேல செஞ்சாப் போதும். வேல வேணுமா? இரிக்கி. கடற்கரைப் பக்கம் ஒரு வீட்டுத் திட்டத்துக்குப் பின்னால தண்ணி ஓடுற கான் அடைச்சுக் கிடக்கு. பிளாஸ்டிக் போத்தல், பம்பர்ஸ், கோழிச் சிறகு, கடல் மணல் எல்லாம் ஒண்டாச் சேந்து இறுகிட்டு. போன மாரியில அந்தத் தண்ணி வீட்டுக்குள்ள ஏறி, சனம் கட்டிலுக்கு மேல அடுப்பு வச்ச. நீ ஆகஸ்ட்டுல வாறாய். அதுதான் சரியான காலம், காஞ்சு கிடக்கும். ஒக்டோபர் கடைசியில மழை துவங்கினா ஒருத்தரும் இறங்கேலா.

முதல்ல பள்ளிவாசல் தலைவர்ட்டயும் கோயில் ஐயாட்டயும் போய்க் கேளு, மாநகர சபைக்குச் சொல்லு, மண்ண அள்ளிப் போட டிராக்டர் கேளு. அந்தப் பெயின்ட்காரன் இரிக்கானே, அவனக் கூலிக்குப் புடி. கான் எவடத்துல சரியுது, தண்ணி எங்கால போகணும் எண்டு அவனுக்குத் தெரியும். அவன் சொல்லுற இடத்துல நீ வெட்டு.

நாலு மண்வெட்டி நான் தாறன். ரெண்டுக்குப் புதுப் புடி போடணும். பூட்சும் கையுறையும் நீ கொண்டு வா, இஞ்ச கிடைக்கிறது உன்ட காலுக்கு அளவாகாது. நாத்தம் கொஞ்சம் மூக்கப் புடிக்கும். படமும் நல்லா வராது, சொல்லிப்போட்டன். அந்தச் சேட்டயே போட்டுக்கிட்டு வா, குனிஞ்சு வெட்டக்குள்ள முதுகு நல்லாத் தெரியும்.